குங்குமம் வைத்த சாக்கு

1. நிபோங் திபாலுக்கு அருகில் இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து பன்னிரண்டு சாக்கு கொட்டை ஓடு, ஜார்ஜ்டவுனில் இருந்த எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தது.

2. முதல் சாக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

3. உள்ளே இருந்தது நான் கேட்ட ஓடு இல்லை. சாக்கைப் பிரித்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

4. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

5. ஓட்டைக் கழுவி, ஊறவைத்து, கருங்கல் ஜல்லிக்குப் பதிலாகப் போட்டு, ஒன்பது கான்கிரீட் கட்டிகள் வார்த்தோம்.

6. ஏழாம் நாள் மூன்றை உடைத்தோம்.

7. இருபத்தெட்டாம் நாள் மீதி ஆறையும் உடைத்தோம்.

8. அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எண் போட்டு எழுதினால் எட்டு வரியில் முடிந்துவிடுகிறது. அறிக்கைக்கு இவ்வளவு போதும். நான்காவது வரி எனக்குப் போதவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சோதனைக்கூடம் என்று பெயரே தவிர, அது துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கடைவீடு. முன்னறையில் இரண்டு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம். நடுவில் கூரை இல்லாத முற்றம், அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பின்கட்டில் கான்கிரீட்டை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம். ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவிலும் எதிர்க்கரைப் பெருநிலத்திலும் கட்டடம் கட்டுகிறவர்கள், தாங்கள் ஊற்றும் கான்கிரீட்டில் கொஞ்சத்தைச் சிறு கனசதுரக் கட்டிகளாக வார்த்து அனுப்புவார்கள். க்யூப் என்போம். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடந்தபின் அவற்றை இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்ப்போம். நல்ல க்யூப் உடையும்போது வெடிச்சத்தம் போலக் கேட்கும். பக்கத்துக் கோப்பிக் கடையில் புதிதாக வந்தவர்கள் மட்டும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அங்கே நாங்கள் மூன்று பேர். சீனரான முதலாளியைத் தவுக்கே என்போம். அவர் பொறியாளர். கான்கிரீட் கலக்கவும் க்யூப் உடைக்கவும் ஓர் அண்ணன் இருந்தார், ஐம்பது வயது, பேசாமல் வேலை செய்யத் தெரியாதவர். மூன்றாவது நான். கட்டுமானத்தில் டிப்ளோமா முடித்திருந்தேன். ஆனாலும் ஒரு வருடமாக நான் செய்தது, மற்றவர்களுடைய க்யூப்களின் எண்களைத் தட்டச்சு செய்வதுதான். வீடு ஈப்போவில். இங்கே ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்திருந்தேன்.

அந்த அறையில் ஒரு நாள் விளையாட்டாக ஒரு கணக்கு எழுதினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வாய்திறந்து சொன்ன வார்த்தைகளை. கோப்பிக் கடையில் 'கோப்பி ஓ, சத்து', பால் இல்லாத கோப்பி ஒன்று. அது வந்ததும் நன்றி சொல்ல 'தெரிமா காசி.' படிக்கட்டில் எதிரே வந்த தையல்காரரிடம் 'மழை வரும் போல.' அவ்வளவுதான். அடுத்த வாரமும் எழுதினேன். மழை இல்லாததால் ஒரு வரி குறைந்தது. மூன்றாவது வாரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டக் கம்பெனி ஒன்றிடமிருந்து தவுக்கேக்குக் கடிதம் வந்தது. தொழிலாளர் வீடுகளுக்கு நடுச்சுவர்கள் போட வேண்டும். தங்கள் ஆலையில் செம்பனைக் கொட்டையை உடைத்தபின் மிஞ்சும் ஓட்டை, கல்லுக்குப் பதிலாகப் போட்டு எடை குறைந்த கான்கிரீட் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். தவுக்கே கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

"இது ஒனக்கு. பாஸானா கம்பெனி இன்னும் நிறைய டெஸ்ட் குடுக்கும். அதெல்லாம் நீ பாத்துக்கலாம், பின்கட்டுல காலியா இருக்குற அந்தப் பெரிய மேசைய எடுத்துக்கோ," என்றார். அவர் பேசியது ஆங்கிலம், கடைசியில் ஒரு 'லா' விழும். "ஃபெயிலானா டைப்ரைட்டர் இருக்கு லா."

பெரிய மேசை எனக்கு வேண்டியிருந்தது. அதைவிட, என்னுடையது என்று சொல்ல ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஆலைக்கு நானே போனேன். அங்கே பாய்லர் பார்க்கிற ஒரு தமிழர் என்னைச் சுற்றிக் காட்டினார். ஓடு எங்கே போகிறது என்று கேட்டேன். பாதி பாய்லரில் எரிகிறது, பாதியை லோரி சறுக்காமல் இருக்க மண்ரோட்டில் கொட்டுகிறோம் என்றார். குளத்தோரம் ஒரு பழைய குவியல் கிடந்தது. மழையிலும் வெயிலிலும் பல மாதம் கிடந்து சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்தேன். பிசுக்கு இல்லை. எனக்கு வேண்டியது இதுதான். புதிய ஓட்டில் எண்ணெய் ஒட்டியிருக்கும், எண்ணெய் இருந்தால் சிமெண்டு பிடிக்காது.

"இதெல்லாமா வேணும் மிஸ்? மாடுகூட மிதிக்காது இத," என்றார்.

"இதுதான் அண்ணே வேணும். மழை பெஞ்சி எண்ணெயெல்லாம் போயிருக்கு பாருங்க."

"சரி மிஸ். நீங்க படிச்சவங்க."

சந்தேகம் வேண்டாம் என்று அந்தக் குவியலின் உச்சியில் ஒரு குச்சியை நட்டு, அதில் என் கைக்குட்டையைக் கட்டிவிட்டு வந்தேன். கிளம்பும்போது அவர் கேட்டார், "இது ஒங்களுக்கு மொத வேலையா மிஸ்?"

"என் பேர்ல, ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பாய்லர் பக்கம் போனார்.

பத்து நாள் கழித்து லோரி வந்தது. தீவுக்குப் பாலம் திறந்துவிட்டிருந்தும் அந்த லோரிக்காரர் பெர்ரியில்தான் கடலைக் கடப்பார். முதல் சாக்கைப் பார்த்ததும் எங்கள் அண்ணன் கூச்சல் போட்டார்.

"தங்காச்சி! ஓடி வா! மாப்பிள்ளை வீட்டு சீரு வந்திருக்கு!"

சாக்கின் நடுவில் சந்தனத்தை வட்டமாகப் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. பெர்ரியின் ஈரக்காற்றில் ஓரம் கொஞ்சம் கலைந்திருந்தது.

"பாய்லர் அண்ணன் சொல்லச் சொன்னாரு," என்றார் லோரிக்காரர். "மொதச் சரக்காம். நல்ல நேரம் பாத்து அவரே ஏத்துனாரு. எங்கள ஒரு மணி நேரம் நிக்க வச்சிட்டாரு லா."

லோரி போனபின் சாக்கைப் பிரித்தேன். ஓடுகள் கறுப்பும் பழுப்புமாகப் பளபளத்தன. தூசி இல்லை, நார் இல்லை. யாரோ உட்கார்ந்து பொறுக்கியிருந்தார்கள். கையை உள்ளே விட்டு எடுத்தேன். விரல்கள் வழுக்கின.

ஆலைக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஏன் போடவில்லை என்பதற்கு அன்றே என் நோட்டில் காரணங்கள் எழுதினேன். ஒன்று, போனை எடுப்பது ஆலை ஆபீஸ் குமாஸ்தா, கிராணி என்பார்கள். அவர் பாய்லர்காரரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் விசாரிப்பார். இரண்டு, பொட்டு வைத்து வந்த சாக்கைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது காரணத்தை எழுதவில்லை. இந்த ஊருக்கு வந்த ஒரு வருடத்தில், என் வேலை ஒன்றுக்காக யாரும் நல்ல நேரம் பார்த்ததில்லை.

மூன்று தண்ணீரில் கழுவினோம்.

"என்னா தங்காச்சி, கறிச்சட்டி மாதிரி வழுக்குது? கொஞ்சம் சோப்புத் தூள் போடுவமா?" என்றார் அண்ணன்.

"செய்முறைத் தாள்ல சோப்பு இல்ல அண்ணே."

"தாள்ல இல்லன்னா என்னா? எங்க வீட்டுல தட்டு கழுவ எந்தத் தாளு இருக்கு?"

நான் அடுத்த வாளித் தண்ணீரை ஊற்றினேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். சோப்பு போட வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், ஓடு சரியில்லை என்று ஒப்புக்கொண்டதாகும். பிறகு போன் போட வேண்டிவரும். கழுவியதே போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் ஊறவைத்தோம். காய்ந்த ஓடு கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், அதற்காக. சிமெண்டு, மணல், ஓடு, தண்ணீர் என்று நிறுத்துக் கலந்து ஒன்பது க்யூப் வார்த்தோம். மறுநாள் அச்சைக் கழற்றித் தூக்கியபோதே எடை குறைவு கைக்குத் தெரிந்தது. அண்ணன் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, "கேக்கு மாதிரி இருக்கு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தொட்டியில் இறக்கினோம்.

இரண்டாம் நாள் காலை தொட்டித் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலம். முற்றத்து வெளிச்சத்தில் நீலமும் மஞ்சளுமாக மின்னியது. பழைய செய்தித்தாளை விரித்து அதை ஒற்றி எடுத்தேன். அண்ணன் வருவதற்குமுன் தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

ஏழாம் நாள் மூன்றை உடைத்தோம். இயந்திரத்தின் முள் கொஞ்ச தூரம் ஏறி நின்றது, பிறகு திரும்பிவிட்டது. சத்தமே இல்லை. நான் இன்னும் தொடங்கவில்லை என்று அண்ணன் நினைத்து, "போடு தங்காச்சி," என்றார்.

"முடிஞ்சிருச்சி அண்ணே."

உடைந்த துண்டுகளைப் பார்த்தோம். ஓடு ஒன்றுகூட உடையவில்லை. பலாச்சுளையிலிருந்து கொட்டை நழுவுவது போலச் சிமெண்டிலிருந்து முழுசாகக் கழன்று வந்தது. அது இருந்த குழி வழவழப்பாக இருந்தது. அண்ணன் குழிக்குள் விரலை விட்டுத் தடவி, மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். அன்று அவர் ஜோக் அடிக்கவில்லை.

ஏழாம் நாள் எண்களைத் தவுக்கே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். இருபத்தெட்டாம் நாள்வரை மூன்று வாரம் இருந்தது. சில கலவைகள் பிந்தித்தான் வலுப்பெறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போவேன். தண்ணீர் மட்டம் பார்க்க என்று காரணம் வைத்திருந்தேன். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கிடக்கும் ஆறு க்யூப்களையும் பார்ப்பேன். பக்கத்துக் கோப்பிக் கடையில் தட்டுகள் மோதும், யாரோ யாரையோ திட்டுவார்கள், ஒரு கூட்டமே சிரிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழும். மட்டம் எப்போதும் சரியாகவே இருந்தது. வாரம் ஒருமுறை ஈப்போவுக்கு போன் பேசுவேன். வேலை எப்படி என்று அப்பா கேட்பார். நல்லா இருக்கு என்பேன்.

இருபத்தெட்டாம் நாள் ஆறும் உடைந்தன. கேட்டதில் பாதிக்கும் கீழே. சத்தம் அப்போதும் இல்லை.

இனி எட்டாவது வரி. 'காரணம்' என்ற கட்டத்தில் எழுத மூன்று வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. 'ஓடு இந்த வேலைக்குத் தகுதியற்றது' என்று எழுதினால் யாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் பொய். குளத்தோரத்து ஓட்டை நான் சோதிக்கவே இல்லை. 'கேட்ட ஓட்டை ஆலை அனுப்பவில்லை' என்பது உண்மை. அந்தத் தாள் கம்பெனிக்குப் போகும், கம்பெனியிலிருந்து ஆலைக்குப் போகும், ஆலையில் பாய்லர் வாசலுக்குப் போகும். மூன்றாவது வாக்கியத்தை இரண்டு நாள் கழித்துத் தட்டச்சு செய்தேன். 'ஓடு புதியது, எண்ணெய்ப் பசை உள்ளது என்பது வந்த அன்றே சோதனை செய்தவருக்குத் தெரியும். தெரிந்தும் பயன்படுத்தினார். இந்த முடிவு பழைய ஓட்டுக்குப் பொருந்தாது.'

தவுக்கே அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"இப்படி யாரும் எழுத மாட்டாங்க லா. 'தகுதியில்ல'ன்னு போட்டு முடி. கம்பெனிக்கு ஏழாம் நாளே ஆசை போயிருச்சி."

"ஓட்டு மேல தப்பு இல்ல, சார்."

"நீ என்ன, ஓட்டுக்கு லாயரா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தெரிஞ்சே போட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

சந்தனத்தையும் குங்குமத்தையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "திருப்பி அனுப்பக் கூச்சமா இருந்திச்சி," என்றேன்.

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ போடு."

போட்டேன். என் கையெழுத்து மட்டும் இருந்த முதல் அறிக்கை அது. கம்பெனியிலிருந்து இரண்டு வரியில் நன்றி வந்தது. நடுச்சுவருக்குச் செங்கல்லே எடுத்துக்கொண்டார்கள். நான் தட்டச்சு மேசைக்குத் திரும்பினேன். பெரிய மேசையில் அண்ணன் சல்லடைகளை அடுக்கி வைத்தார்.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து, பெர்ரியில் கடலைக் கடந்து, பஸ் பிடித்து நிபோங் திபால் போனேன். அங்கிருந்து ஆலைவரை நடந்தேன். பாய்லர்காரர் என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"க்யூப்பு பாஸா மிஸ்?"

"இல்ல அண்ணே. நீங்க அனுப்புனது புது ஓடு."

"ஆமா மிஸ். அன்னைக்கு வந்த ஓடு. எங்க வீட்டுல எல்லாரும் ஒக்காந்து பொறுக்குனோம்."

"நான் பழசுல குச்சி நட்டிருந்தேனே."

"பாத்தேன். கைக்குட்டைய தொவச்சி வச்சிருக்கேன், போறப்ப தாரேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மிஸ், கோவிச்சுக்காதீங்க. மழையில கெடந்த குப்பைய அள்ளி, அதுக்குப் பொட்டு வச்சி, ஒரு பொண்ணோட மொத வேலைக்கு அனுப்ப எனக்குக் கை வரல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் கேட்டார், "சாக்கு வந்தப்பவே தெரிஞ்சதா ஒங்களுக்கு?"

"தெரிஞ்சது."

"ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"

"பண்ணிருக்கலாம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியாப் போச்சி! கேட்டதக் குடுக்க எனக்கு வெக்கம். குடுத்தத வேணாம்னு சொல்ல ஒங்களுக்கு வெக்கம். நடுவுல க்யூப்பு என்னா மிஸ் செய்யும், பாவம்?"

சிரிப்பு அடங்கியதும் குளத்தோரம் போய் அவரே மண்வெட்டியால் ஒரு சாக்கு நிரப்பினார். நான் தூக்கக்கூடிய அளவுக்குத்தான். கட்டிய பிறகு தயங்கினார்.

"இதுக்கும் வைக்கவா மிஸ்? வேணாமா?"

"வைங்க அண்ணே."

பாய்லர் கதவுக்கு மேலே ஒரு சாமி படம் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த கிண்ணத்திலிருந்து குங்குமத்தை எடுத்து, கரிபடிந்த விரலால் வைத்தார்.

திரும்பும்போது பெர்ரியில் சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த ஓர் அம்மாள் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்கா ம்மா? அரிசியா?" என்று கேட்டார்.

"இல்லங்க. ஓடு."

"ஓடா?"

"செம்பனைக் கொட்ட ஓடு."

  தீவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. இறங்கிய பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கூடத்துக்குப் போவதற்குள் இரண்டு முறை கீழே வைத்து எடுத்தேன்.

அடுத்த வாரம் அண்ணனும் நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று க்யூப் வார்த்தோம். இந்த முறை சோப்புத் தூள் போட்டும் கழுவினோம். செய்முறைத் தாளில் அதைப் பென்சிலால் எழுதினேன். மிஞ்சிய கலவையை வீணாக்க வேண்டாம் என்று, பின்சந்தில் உடைந்துகிடந்த சாக்கடை மூடியின் அளவுக்கு ஒரு பலகையாக ஊற்றி, இறுகியபின் அதையே மூடியாகப் போட்டோம். தொட்டியில் படலம் வரவில்லை. இருபத்தெட்டாம் நாள் மூன்றும் கம்பெனி கேட்டிருந்த வலுவைத் தாண்டின. பெரிய வெடிச்சத்தம் இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. உடைந்த இடத்தில் ஓடும் சேர்ந்தே உடைந்திருந்தது.

தவுக்கே எண்களைப் பார்த்தார். "குட்," என்றார். கோப்பில் வைத்தார். கேட்டவர்கள் யாரும் இல்லாததால் அது எங்கும் அனுப்பப்படவில்லை. பாய்லர்காரருக்கு மட்டும் லோரிக்காரர் மூலம் சொல்லி அனுப்பினேன். "தெரியும்னு சொல்லு" என்று பதில் வந்தது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சிமெண்டுக் கற்களைச் சோதிக்கிறேன். பெரிய மேசை இருக்கிறது. ஓட்டைப் பற்றி அங்கே யாரும் கேட்டதில்லை. அறை அதே தையல்கடைக்கு மேலேதான். சரக்கு சரியில்லை என்றால் அன்றே போன் போடுகிறேன், அதில் ஒன்றும் சிரமமில்லை. அந்த ஆலையில் ஓடு இன்னும் பாய்லரில்தான் எரிகிறது. சோதனைக்கூடத்தின் பின்சந்தில் அந்த மூடி சாக்கடைமேல் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள்கள் அதன்மேல் ஏறிப் போகின்றன. விரிசல் இல்லை.